தலையில் கை வைத்த படம்

ஒரு மனிதனின் முகத்துக்கு விலை எழுநூறு ரூபாய். கூடவே ஒரு டீயும் ஒரு பருப்பு வடையும். தூத்துக்குடி திரேஸ்புரம் கடற்கரையில், மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் பேசி முடித்த விலை இது. அதற்கு முன் எங்கள் ஊரில் முகத்துக்கு யாரும் விலை போட்டதில்லை. முத்துக்குப் போட்டிருக்கிறார்கள், சங்குக்குப் போட்டிருக்கிறார்கள், உப்புக்கும் கருவாட்டுக்கும் தினமும் போடுகிறார்கள். மாப்பிள்ளைக்குப் போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முகம் மட்டும் எப்படியோ விட்டுப்போயிருந்தது.

விற்றவர் ஞானையா, கருவாட்டு மொத்த வியாபாரி. வாங்கியவன் நேசக்குமார், சாயர்புரத்துக்காரன். கல்யாண வீடுகளுக்குப் படம் எடுப்பது அவன் பிழைப்பு. கல்யாணம் இல்லாத நாட்களில் கடற்கரையில் அலைந்து கண்ணில் பட்டவர்களை எல்லாம் எடுத்து, வெளிநாட்டு இணையதளம் ஒன்றில் ஏற்றி வைப்பான். யாருக்காவது அந்தப் படம் தேவைப்பட்டால் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். சென்னையில் தொழில் கற்றபோது அவனுடைய வாத்தியார் ஒன்றை மட்டும் மண்டையில் ஏற்றி அனுப்பியிருந்தார்: முகம் தெரிந்தால் அனுமதி வாங்கு, எழுத்தில் வாங்கு. அதனால் நேசக்குமார் காமிராப் பையில் ஒரு கட்டு படிவத்தையும் சுமந்து திரிந்தான். மீன் விற்கும் பெண்கள் அவனை ரேஷன் ஆபீஸ் ஆள் என்று நினைத்து மனுக் கொடுத்ததுகூட உண்டு.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஞானையாவுக்கு முகத்தை விற்கும் எண்ணம் எதுவும் இல்லை. மணலில் வலையை விரித்து நெத்திலி காயப் போட்டிருந்தார். பெய்யக் கூடாத மாதத்தில் தூறல் விழுந்தது. தார்ப்பாய் எடுத்து வரப் போன ஆள் டீக்கடையில் நின்றுவிட்டான். ஞானையா இரண்டு கைகளையும் தலையில் வைத்து, கடலைப் பார்த்து வாயைப் பிளந்தார். அவ்வளவுதான். இரண்டு கூடை நெத்திலி நனைந்தது. அதுவும் மறுநாள் காய்ந்து கோழித் தீவனத்துக்குப் போனது. அதை நஷ்டம் என்று சொன்னால் நஷ்டத்துக்கே வெட்கமாக இருக்கும்.

தூறல் விட்டதும் நேசக்குமார் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, ஒரு கையெழுத்து வேணும்."

"எதுக்கு? ஜிஎஸ்டி ஆபீசா?"

"இல்ல அண்ணாச்சி. உங்கள ஒரு போட்டோ எடுத்தேன். நீங்க சம்மதிச்சாத்தான் அத வெளிய குடுப்பேன்."

"எடுக்கதுக்கு முன்னலா கேக்கணும்? எடுத்த பொறவு கேக்கியே, இது என்ன ஞாயம்?"

"முன்ன கேட்டா எல்லாரும் தலையச் சீவிட்டு வந்து பல்லக் காட்டிக்கிட்டு நிக்காங்க அண்ணாச்சி."

படத்தைக் காட்டினான். கறுத்த வானம், சாம்பல் கடல், நடுவில் ஞானையா. உலகமே முடிந்துபோனதுபோல் நின்றிருந்தார். ஞானையாவுக்கே தன்னைப் பார்த்துப் பாவமாக இருந்தது.

"இத வாங்குறதுக்கும் ஆளு இருக்கா?"

"ஒரு இணையதளம் இருக்கு அண்ணாச்சி. நம்ம ஏத்தி வச்சா, கேக்கவங்களுக்கு அவங்க விப்பாங்க. நமக்கு ஒரு பங்கு வரும்."

"கமிஷன் மண்டின்னு சொல்லு. எவ்வளவு தாரே?"

"இருநூறு."

"இருநூறா! இருநூறுக்குச் சீலாக் கருவாடு கேட்டுப் பாரு. தலைய மட்டும் தருவான்."

"அண்ணாச்சி, எல்லாருக்கும் இருநூறுதான் குடுக்கேன்."

"எல்லாரும் நானாலே? அந்த மூஞ்சில இருக்க துக்கத்தப் பாரு. முப்பது வருசமா வியாபாரம் பண்ணாத்தான் அப்படித் துக்கம் வரும். ஆயிரம்."

பேரம் தொடர்ந்தது. இடையில் நேசக்குமார் மனச்சாட்சிக்குப் பயந்து படிவத்தை வாசிக்கத் தொடங்கினான். "அண்ணாச்சி, இதக் கேட்டுக்கிடுங்க. 'எந்த ஊடகத்திலும், எந்த நோக்கத்துக்கும், எக்காலத்துக்கும் என் உருவத்தைப் பயன்படுத்த...'"

"ஏ தம்பி, நீ கருவாடு வாங்கிட்டுப் போயி கொழம்பு வைப்பியோ பூனைக்குப் போடுவியோ, நான் என்னைக்காவது கேட்டிருக்கனா? அது மாதிரித்தான். வெலையச் சொல்லு."

எங்கள் பஜாரின் சட்டம் இது. விலை முடிகிறவரை ஆயிரம் கேள்வி கேட்கலாம். விலை முடிந்தபின் ஒன்றுகூடக் கேட்கக் கூடாது. சரக்கு எங்கே போகிறது, போன இடத்தில் சுகமாக இருக்கிறதா என்று விசாரிக்கிறவன் வியாபாரி இல்லை, சம்பந்தி.

எழுநூறில் முடிந்தது. டீ, வடைக் காசையும் நேசக்குமாரையே கொடுக்கவைத்தார் ஞானையா. பெயரும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்குக் கடைத்தெருவில் அவர் ஏறாத படி இல்லை. சும்மா நின்றதற்கு எழுநூறு ரூபாய் வாங்கியதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வீட்டில் மனைவி கிரேசியிடமும் சொன்னார்.

"மூஞ்சிய வித்துட்டியளா?" என்றாள் கிரேசி. "முழுசாவா, சில்லறையாவா?"

"முழுசா."

"அப்ப இனி கண்ணாடி பாக்கணும்னாலும் வாடகை குடுக்கணும்."

சிரித்தார்கள். சிரிக்கும் காரியமாகத்தான் அப்போது இருந்தது.

ஞானையாவின் தொழிலைத் தெரிந்துகொண்டால்தான் அதன்பின் நடந்தது விளங்கும். ஏப்ரல் பாதியில் மீன்பிடித் தடைக்காலம் வரும். இரண்டு மாதம் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. பச்சை மீன் அருகிவிடும், கருவாட்டு விலை ஏறும். அதற்காக மாசி, பங்குனியிலேயே ஞானையா தன் சரக்குக் கிடங்கை, எங்கள் பேச்சில் கிட்டங்கியை, கூரை முட்ட நிரப்பிவிடுவார். மீன், விசைப்படகுக்காரர் வளனுடைய படகிலிருந்தும் இன்னும் நாலைந்து படகுகளிலிருந்தும் வரும். உப்பை ராஜபாண்டி தருவார். சரக்குப் பெட்டிக்கு ஒருவர், லாரிக்கு ஒருவர். ஒருவருக்கும் உடனே பணம் கிடையாது. தடைக்காலத்தில் சரக்கு விற்க விற்கத் தருவார். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. ஞானையா சொன்னால் ஞானையா தருவார் என்ற ஒரு பேச்சுதான். அந்தக் கிட்டங்கியில் இருந்த கருவாட்டில் பத்தில் ஒன்பது பங்கு அந்தப் பேச்சின் மேல்தான் அடுக்கப்பட்டிருந்தது. மே மாதம்வரை பொறுத்தால் அத்தனை பேருக்கும் கொடுத்துவிட்டு ஞானையாவுக்கும் நல்ல லாபம் நிற்கும். மார்ச்சில் எல்லோரும் கேட்டால் ஒன்றும் நிற்காது.

மார்ச் முதல் வாரம் ராஜபாண்டி கடைக்கு வந்தார். வந்தவர் உட்கார்ந்தார். கிரேசியின் முட்டுவலியை விசாரித்தார். நாசரேத்தில் இருக்கும் ஞானையாவின் அண்ணனுடைய சர்க்கரை அளவைக் கேட்டார். வெயில் இந்த வருடம் முந்திவிட்டது என்றார். கடன் கொடுத்தவன் மரியாதையாகப் பேசத் தொடங்கினால் ஏதோ செத்துவிட்டது என்று அர்த்தம்.

"ராஜபாண்டி, வந்த விசயத்தச் சொல்லும் வே."

"ஒன்னுமில்ல அண்ணாச்சி. சின்னப் பணமுடை. நம்ம உப்புக் கணக்கு கொஞ்சம்... தோதுப்பட்டா..."

"அது மே மாசம்லா?"

ராஜபாண்டி தன் போனை எடுத்து நீட்டினார்.

போனில் ஞானையா இருந்தார். கறுத்த வானம், சாம்பல் கடல், தலையில் இரண்டு கை. மேலே சிவப்பு எழுத்தில்: 'கடன் கழுத்தை நெரிக்கிறதா? தலையில் இருந்து கையை எடுங்கள், போனை எடுங்கள்!' கீழே, கடன்காரர்களிடம் பேசிக் கடனைக் குறைத்துத் தருவதாகச் சொல்லும் சென்னைக் கம்பெனி ஒன்றின் பெயரும் எண்ணும்.

ஞானையா முதலில் சிரித்தார். "இது அந்தப் படம் வே! நெத்திலி நனைஞ்சப்ப எடுத்தது. ஒரு பய எழுநூறு ரூவா குடுத்து வாங்கிட்டுப் போனாம்லா, ஊரு பூரா சொன்னனே!"

"சொன்னிய அண்ணாச்சி. நானும் கேட்டேன்." ராஜபாண்டி தரையைப் பார்த்தார். "எழுநூறு ரூவாய்க்கு இப்படி ஒரு படத்துக்கு நிக்கணும்னா, உங்களுக்கு என்ன நெருக்கடியோன்னுதான் பாத்தேன்."

உண்மையைச் சொன்னார், அது அவரையே திருப்பி அடித்தது. ஞானையாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கல்லாப்பெட்டியைத் திறந்து உப்புக் கணக்கை ஒரு ரூபாய் பாக்கி இல்லாமல் எண்ணி வைத்தார். பணம் இருக்கிறது என்று காட்டிவிட்டால் பேச்சு அடங்கிவிடும் என்பது அவர் எண்ணம்.

அடங்கவில்லை. 'ஞானையா ராஜபாண்டிக்கு மட்டும் தீர்த்துட்டாராம். நெருங்கினவங்களுக்கு முதல்ல குடுக்காரு. திவாலாகி மஞ்சக் கடுதாசி குடுக்கதுக்கு முந்தி எல்லாரும் செய்யறதுதான்' என்று பஜார் பேசியது. மறுநாள் பெட்டிக்காரர் வந்தார். அவரும் முட்டுவலியை விசாரித்தார். அடுத்து லாரிக்காரர். கிரேசியின் முட்டு ஊருக்கே முக்கியமானது அந்த வாரத்தில்தான்.

ஞானையா சாயர்புரம் பஸ்ஸைப் பிடித்தார். நேசக்குமாரின் ஸ்டூடியோ ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவன் அலமாரியைத் திறந்தான். படிவத்தை எடுத்துக் காட்டினான். எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்து சரி, தேதி சரி, எந்த நோக்கத்துக்கும் என்பதும் சரி.

"அண்ணாச்சி, நான் வாசிச்சேன்..."

"வாசிச்சலே. நான்தான் பூனைக் கதை சொன்னேன். அது போவட்டும்." மடியிலிருந்து எழுநூறு ரூபாயை எடுத்து மேசையில் வைத்தார். கொஞ்சம் யோசித்து இன்னொரு எழுநூறையும் வைத்தார். விற்றவன் பேச்சு மாறினால் வாங்கிய அச்சாரத்தை இரட்டிப்பாகத் திருப்புவதுதான் முறை. "ரெட்டிப்பா இருக்கு. பேரத்த முறிச்சுக்கிடுவோம். படத்தத் தா."

நேசக்குமார் பணத்தைத் தொடவில்லை. "எங்கிட்ட இருந்தா இந்த நிமிசமே தந்துருவேன் அண்ணாச்சி. இணையதளத்துல இருந்து இப்பவே எடுத்துருதேன். ஆனா வாங்கிட்டுப் போனவங்க வாங்குனதுதான். அவங்ககிட்ட இருந்து திருப்பிக் கேக்க முடியாது."

"கம்பெனிக்காரன் எவ்வளவு குடுத்து வாங்கினான்? அத நான் குடுக்கேன்."

"அவங்க குடுத்தது எனக்குத் தெரியாது. என் பங்கு நூத்திப் பன்னெண்டு ரூவா."

ஞானையா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "எழுநூறுக்கு வாங்கி நூத்திப் பன்னெண்டுக்கா வித்தே? நீ என்னலே வியாபாரி! என் மூஞ்சிக்கு அவ்வளவுதானா?"

"நெறைய பேரு வாங்குவாங்கன்னு நெனச்சேன் அண்ணாச்சி."

"வேண்டாம்லே! இன்னும் ஒருத்தன் வாங்குனாம்னா நான் கடலுக்குள்ளதான் போவணும்."

அங்கே இருந்தபடியே கம்பெனி எண்ணுக்கு அடித்தார்கள். ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினாள்.

"வணக்கம் சார். உங்க மொத்தக் கடன் எவ்வளவு சார்?"

"எனக்குக் கடன் இல்லம்மா."

"கடன் இல்லாதவங்களுக்கு எங்ககிட்ட சேவை இல்லையே சார்."

"ஏம்மா, நான் உங்க விளம்பரத்துல இருக்க ஆளு. தலையில கை வச்சிருக்கம்லா?"

"ஓ! நம்ம பழைய கஸ்டமரா சார்?"

"கஸ்டமர் இல்லம்மா! நான் கருவாட்டு வியாபாரி. எனக்குக் கடன் கெடையாது. வியாபாரத்துல நாலு பேருகிட்ட சரக்கு வாங்கியிருப்பேன், பொறவு குடுப்பேன். அது கொடுக்கல் வாங்கல்."

"அதுதான் சார் கடன். எத்தனை பேருக்குத் தரணும் சார்? குறிச்சுக்கவா?"

ஞானையா போனை நேசக்குமாரிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

நேசக்குமார் விடவில்லை. அவனும் நல்ல பிள்ளைதான். கம்பெனிக்கு மெயில் மேல் மெயில் போட்டான், சட்டம் பேசினான், தெரிந்த வக்கீல் பெயரைச் சொன்னான். நாலு நாள் கழித்துக் கடைக்கே ஓடி வந்தான். "அண்ணாச்சி, ஒத்துக்கிட்டாங்க! படத்த எடுக்க மாட்டாங்களாம். காசு குடுத்து வாங்கினது, அனுமதியும் இருக்குன்னு சொல்லிட்டாங்க. ஆனா கீழ ஒரு வரி போடுதாங்க."

போட்டார்கள். படத்தின் அடியில், பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில்: 'படத்தில் இருப்பவர் உண்மையில் கடனாளி அல்லர்.'

அதுவரை நம்பாதவர்களும் அன்றைக்கு நம்பினார்கள். "எவனாவது 'நான் திருடன் இல்ல'ன்னு சட்டையில எழுதிக்கிட்டு நடப்பானா?" என்றார் லாரிக்காரர். அந்தப் பொடி எழுத்தை வாசிப்பதற்காகவே ஆட்கள் படத்தைப் பெரிதாக்கினார்கள். எழுத்தோடு முகமும் பெரிதானது.

அதுவரை போனில் மட்டும் இருந்த ஞானையா, பங்குனி பிறந்ததும் தெருவுக்கு வந்தார். பழைய பஸ் நிலையத்தில் நின்ற ஷேர் ஆட்டோ ஒன்றின் முதுகில், ஓர் ஆள் உயரத்துக்கு அவர். பின்னால் பைக்கில் வந்தவர்கள் எல்லாம் அவரைப் பார்த்துக்கொண்டே பிரேக் போட்டார்கள்.

"ஏ தம்பி, இதக் கிழிச்சிரு," என்றார் ஓட்டுகிறவனிடம்.

"மாசம் ஐநூறு தாரான் அண்ணாச்சி. இது இருக்கானு பாக்கதுக்கு ஆளு வேற அனுப்புதான்."

"நான் அறுநூறு தாரேன்."

அவன் அப்போதுதான் முகத்தைப் பார்த்தான். திரும்பி ஆட்டோவின் முதுகைப் பார்த்தான். மறுபடியும் முகம். "அண்ணாச்சி... நீங்களே கஷ்டத்துல இருக்கிய. உங்ககிட்ட எப்படி வாங்க?"

ஏளனமாகச் சொல்லியிருந்தால்கூட ஞானையா தாங்கியிருப்பார். அவன் மனதாரச் சொன்னான். நடு ரோட்டில், பட்டப்பகலில், தன் படத்தின் ஓரத்தை நகத்தால் பிறாண்டி உரிக்கத் தொடங்கினார். நல்ல பசை. காது மட்டும்தான் வந்தது.

சுற்றி நின்றவர்களில் நாலு பேர் போனைத் தூக்கினார்கள். சாயங்காலத்துக்குள் அந்தப் படம் வாட்ஸ்அப்பில் ஊரைச் சுற்றி, மணப்பாடு போய், ஆறுமுகநேரி வழியாகத் திரும்பியும் வந்துவிட்டது. கடன் விளம்பரத்தைக் கடனாளியே கிழிக்கும் காட்சி. இந்தப் படத்துக்கு அவரிடம் யாரும் படிவம் நீட்டவில்லை. எழுநூறு ரூபாயும் தரவில்லை, டீயும் வாங்கிக் கொடுக்கவில்லை.

நேசக்குமார்தான் கொதித்தான். "அனுமதி இல்லாம எடுத்துப் பரப்பியிருக்கானுவ அண்ணாச்சி. இது தப்பு. கேஸ் போடலாம்."

"யாரு மேல போட? தூத்துக்குடி மேலயா?" என்றார் ஞானையா. பிறகு மெதுவாகக் கேட்டார்: "அது சரி, அனுமதி வாங்கி எடுத்ததுக்கும் வாங்காம எடுத்ததுக்கும் என்னலே வித்தியாசம்? எனக்கு ஒன்னுந் தெரியலயே."

நேசக்குமாரின் வாத்தியார் அதைச் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

கடைசியாக வந்தது வளன். விசைப்படகுக்காரர். முப்பது வருடமாக அவருடைய மீன்தான் ஞானையாவின் கிட்டங்கிக்கு முதல் மீன். கொடுக்க வேண்டியதிலும் அவருக்குத்தான் அதிகம். செருப்பை வெளியே விட்டு, உள்ளே வந்து, மூடைமேல் உட்கார்ந்தார். கிரேசியின் முட்டைப் பற்றிக் கேட்கவில்லை. ஞானையாவுக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"அண்ணாச்சி, அந்தத் தூறல் அன்னைக்கு நானும் கரையிலதான் நின்னேன். நீங்க எதுக்குத் தலையில கை வச்சியன்னு எனக்குத் தெரியும். நான் உங்கள நம்புதேன்."

"பொறவு என்ன வளன்?"

"நான் ஒருத்தன் நம்பி என்ன செய்ய? மத்தவன் எவனும் நம்பலயே. ஒவ்வொருத்தனா வந்து வாங்கிட்டுப் போறான். எல்லாரும் வாங்கின பொறவு கடைசி ஆளுக்கு என்ன மிஞ்சும்? நான் நம்பிக்கிட்டே நின்னேன்னா, அந்தக் கடைசி ஆளு நாந்தான்." வளன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "தடைக்காலத்துல படகக் கரையேத்தி வேலை பாக்கணும். பலகை மாத்தணும், இஞ்சின் எறக்கணும். ஆளுவளுக்கு அரிசிக்குக் குடுக்கணும். எம் பொஞ்சாதி தெனமும் அந்தப் போட்டோவ எடுத்துக் காட்டுதா."

"அது பொய்யின்னு அவகிட்ட நீரு சொல்லலயா?"

"சொன்னேன். 'அவரு காசு வச்சிருக்கார்னா உங்களுக்குத் தரதுக்கு என்ன?'ன்னு கேக்கா. நான் என்ன சொல்ல?"

ஞானையா வளன் சொன்னதை நிறுத்துப் பார்த்தார். எந்தப் பக்கம் நிறுத்தாலும் சரியாகவே இருந்தது. வளன் இடத்தில் தான் இருந்திருந்தால் பத்து நாள் முந்தியே வந்திருப்போம் என்று தோன்றியது.

"எப்ப வேணும்?"

"உங்களுக்கு எப்ப தோதோ, அப்ப."

"எப்ப வேணும் வளன்?"

"இந்த ஞாயித்துக்குள்ள, அண்ணாச்சி."

கிட்டங்கியை விற்பதைத் தவிர வழி இல்லை. கொல்லத்துக்குச் சரக்கு அனுப்பும் சுடலைராஜை வரச் சொன்னார். இருபது வருடமாக இரண்டு பேருக்கும் நடக்காத சண்டை இல்லை. சுடலைராஜ் வந்தால் முதலில் கருவாட்டை முகர்ந்து மூக்கைச் சுளிப்பார். உப்பு ஏறிவிட்டது என்பார், ஈரம் என்பார், வண்டு என்பார். எழுந்து வாசல்வரை போவார். ஞானையா போகட்டும் என்று விடுவார். அவர் திரும்பி வருவார். மோர் வரும். மறுபடி எழுந்து போவார். மத்தியானம் ஆகிவிடும். கடைசியில் இருவரும் தோற்றதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு ஒரு விலைக்கு வருவார்கள். அந்தச் சண்டைக்காகவே அன்று ஞானையா காலையில் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார்.

சுடலைராஜ் வந்தார். உள்ளே ஒரு சுற்று வந்தார். ஒரு மூடையையும் அவிழ்க்கச் சொல்லவில்லை.

"நல்ல சரக்கு அண்ணாச்சி," என்றார்.

வியாபாரி சரக்கைப் பழிக்கவில்லை என்றால், தன் விலைக்கே அதை வாங்கிவிட்டதாக முடிவு செய்துவிட்டான் என்று பொருள்.

சுடலைராஜ் விலையைச் சொன்னார். வாங்கின விலைக்கும் கீழே; உப்புக்குப் போட்ட காசு அதில் சேரவே இல்லை.

"என்ன வே இது, காலங்காத்தால விளையாடுதீரு! உப்பு ஏறியிருக்குன்னாவது சொல்லும். வண்டுன்னு சொல்லும்," என்றார் ஞானையா. குரல் கெஞ்சுவதுபோல் ஆகிவிட்டது. "மோர் சொல்லட்டுமா?"

"வேண்டாம் அண்ணாச்சி. ஒரே வெலதான். பேச்சு இல்ல." சுடலைராஜ் அவர் முகத்தைப் பார்க்காமல் தராசைப் பார்த்துச் சொன்னார். "நான் போனா அடுத்து வாரவன் இதையும் தர மாட்டான். ஒங்களுக்கே தெரியும்."

பிறந்ததிலிருந்து பேரத்திலேயே வளர்ந்த மனிதரிடம் பேரம் பேசாமல் விடுவதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. பிச்சைக்காரனிடமும் பிணத்திடமும்தான் யாரும் பேரம் பேசுவதில்லை. ஞானையா சரி என்று தலையை ஆட்டினார். அரை நாளில் கிட்டங்கி காலியானது. லாரி போன தடத்தில் நெத்திலித் தூள் சிந்திக் கிடந்தது. காக்கைகளுக்குக் கொண்டாட்டம்.

வந்த பணம் வளனுக்குப் போனது, மற்ற படகுக்காரர்களுக்குப் போனது. கொஞ்சம் குறைந்தது. கிரேசி கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "முட்டுக்குத்தான் ஊரெல்லாம் கவலப்பட்டாவ. கழுத்தப் பத்தி யாரும் கேக்கலயே," என்றாள். அதுவும் போனது.

ஏப்ரல் பாதியில் தடைக்காலம் தொடங்கியது. விசைப்படகுகள் துறைமுகத்தில் அடுக்கி நின்றன. பத்தே நாளில் நெத்திலி விலை ஏறியது, சீலா அதைவிட ஏறியது. ஞானையா ஏற்ற நினைத்த விலையையும் தாண்டிப் போனது. சுடலைராஜ் புது பைக் வாங்கினார். சென்னைக் கம்பெனி தன் விளம்பரத்தை மாற்றிவிட்டது. இப்போது ஆட்டோக்களின் முதுகில் ஒரு வெள்ளைக்காரன் தலையில் கை வைத்திருந்தான். அவனை யாரும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை, அதனால் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தடை இல்லாத நாட்டுப்படகுக்காரர்களிடம் கொஞ்சம் மீன் எடுத்து மறுபடியும் தொடங்கலாம் என்று ஞானையா கணக்குப் போட்டார். ரொக்கம் கேட்டார்கள். இருந்ததை வைத்து நாலு கூடை எடுக்கலாம். அதற்கு உப்பு வேண்டும். ராஜபாண்டியிடம் போனார். ராஜபாண்டி எழுந்து நின்று வரவேற்றார், நாற்காலி போட்டார், டீ சொன்னார்.

"ரெண்டு மூடை அனுப்பும் வே. மாசக் கடைசில தாரேன்."

ராஜபாண்டி டீக் கிளாஸை இரண்டு கையாலும் நீட்டினார். "தப்பா நெனைக்காதிய அண்ணாச்சி. இப்பல்லாம் கையில காசு, வாயில தோசைன்னு ஆக்கிட்டேன். உங்களுக்கு மட்டுமில்ல, எல்லாருக்குந்தான்."

எல்லாருக்கும் இல்லை என்பது இருவருக்குமே தெரியும். ராஜபாண்டி பேசிக்கொண்டிருந்தபோதே ஒரு பையன் வந்து அப்பா பெயரில் பத்து மூடை கடன் சொல்லிவிட்டுப் போனான். ஞானையா டீயைக் குடித்தார். சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணிக் கொடுத்துவிட்டு, இரண்டு மூடையோடு ஆட்டோவில் வந்தார்.

கிட்டங்கியில் கிரேசி பெருக்கிக்கொண்டிருந்தாள். பெருக்க ஒன்றும் இல்லாததால் தரை பளபளத்தது. உப்பை இறக்கியதும் விளக்குமாற்றை ஓரமாகச் சாய்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, இன்னும் யாருக்கும் குடுக்கணுமா?"

ஞானையா விரலை மடக்கினார். "வளனுக்குக் குடுத்தாச்சு. மத்த படகுக்காரங்களுக்கும் குடுத்தாச்சு. பெட்டிக்கு முடிச்சாச்சு, லாரிக்கு முடிச்சாச்சு. உப்பு, இப்பத்தான்."

"வரவேண்டியது?"

"யாருக்குக் குடுத்தோம், வரதுக்கு?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் கடன் இல்லாமல் ஒரு பொழுது விடிந்ததில்லை. கிரேசி மறுபடியும் ஒவ்வொரு பெயராகத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். நம்பிக் கடன் கொடுத்தவர் யாராவது ஒருவர் விட்டுப்போயிருக்கக் கூடாதா என்று தேடுவதுபோல் இருந்தது. ஞானையாவும் அவளோடு சேர்ந்து தேடினார். கிடைக்கவில்லை.

கொடுக்க வேண்டியது: ஒருவருக்கும் இல்லை. வர வேண்டியது: ஒருவரிடமும் இல்லை. இருப்பு: உப்பு இரண்டு மூடை, ரொக்கத்துக்கு வாங்கியது. கணக்கு நேர்.